ஏரிக்கரையில் ஓர் அணி: கெல்லி அமான்டி ஹில்லரின் பயிற்சிப் பணி குறித்த நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு வரை அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் லக்ராஸ், கிழக்குக் கடற்கரை மாநிலங்களின் தனிச்சொத்தாகவே இருந்துவந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1982இல் பெண்களுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் மாசசூசெட்ஸ் அணி வென்றதிலிருந்து 2004இல் வர்ஜீனியா வென்றது வரை, கோப்பையை எடுத்துச் சென்ற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கிழக்கு நேர மண்டலத்தைச் சேர்ந்தது. பள்ளிப் பருவத்திலேயே மட்டையைக் கையில் எடுக்கும் சிறுமிகள் மேரிலாண்ட், பென்சில்வேனியா, நியூயார்க், நியூ இங்கிலாந்துப் பகுதிகளில்தான் பெரும்பாலும் இருந்தார்கள் என்பதால், இந்த நிலை மாறும் என்று எவரும் எதிர்பார்க்கக் காரணம் இருக்கவில்லை. 2005 மே மாதத்தில் இல்லினாய் மாநிலத்தின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், அந்தப் பருவத்தில் ஆடிய 21 ஆட்டங்களையும் வென்று, நடப்புச் சாம்பியனான வர்ஜீனியாவை இறுதிப் போட்டியில் 13-10 என்ற கணக்கில் தோற்கடித்தபோது அது மாறியது. சிகாகோவை அடுத்து மிச்சிகன் ஏரிக்கரையில் எவன்ஸ்டன் நகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணி, பல்கலைக்கழகமே நடத்தும் முழுநிலை அணியாக மீண்டும் களமிறங்கி அப்போது நான்காவது பருவமே ஆகியிருந்தது.

அந்த அணியை உருவாக்கியவர் கெல்லி அமான்டி ஹில்லர். அவருடைய அணி 2005 முதல் 2009 வரை தொடர்ந்து ஐந்து முறையும், பின்னர் 2011, 2012, 2023 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வென்றது. எட்டுப் பட்டங்கள் பெரிய எண்ணிக்கைதான். ஆயினும் இந்த ஆய்வு அவற்றை வரிசைப்படுத்துவதற்காக எழுதப்படவில்லை. ஒரு விளையாட்டுக்கு வேரே இல்லாத மண்ணில் ஒருவர் சாம்பியன் அணியை எப்படி வளர்த்தார், அவருடைய வழிமுறையைப் பிறர் கற்றுக்கொண்ட பின் அவருக்கு என்ன நேர்ந்தது, பதினோர் ஆண்டு இடைவெளிக்குப் பின் எப்படி மீண்டார் என்ற மூன்று கேள்விகளே இதன் பொருள்.

பின்னணி

இந்த விளையாட்டில் அறிமுகம் இல்லாதவர்களுக்குச் சில விவரங்கள் தேவைப்படும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் தோன்றிய லக்ராஸில், நுனியில் வலை பின்னிய மட்டையால் பந்தைப் பிடித்து, சுமந்து ஓடி, எறிந்து, எதிரணியின் வலைக்குள் சேர்க்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள். உடலால் மோதுவதற்கு அனுமதி இல்லை. மட்டையின் வலை ஆழமற்றது என்பதால், ஓடும்போது பந்து விழாமலிருக்க மட்டையை இடைவிடாமல் அசைத்துத் தாலாட்டும் திறன் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘டிரா’ என்னும் தொடக்க முறை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து மறுபக்கத்துக்குப் போவதில்லை. நடுவட்டத்தில் இரு வீராங்கனைகளின் மட்டைகளுக்கிடையே வைக்கப்பட்டு, இருவரும் ஒரே நேரத்தில் மேலே இழுக்க, கையில் கிடைத்தவருக்கே உரியதாகிறது. ஆகவே டிராவில் வலிமை பெற்ற அணி, எதிரணி பந்தைத் தொடாமலேயே அடுத்தடுத்து ஐந்தாறு கோல்கள் போட முடியும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சில பெருந்தோல்விகளின் காரணம் எளிதில் விளங்கும்.

அமான்டி ஹில்லர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் ஊரைச் சேர்ந்தவர். விளையாட்டு அவர் குடும்பத்தில் ஊறியது. அண்ணன் டோனி அமான்டி தேசிய ஹாக்கி லீகின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கெல்லி மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் கால்பந்தும் லக்ராஸும் ஆடினார். 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்ற மேரிலாண்ட் அணியின் முன்னணி வீராங்கனை அவர். அந்த அணி 1995 தொடங்கி 2001 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றது. அந்தச் சாதனையை இன்றுவரை எந்த அணியும் முறியடிக்கவில்லை.

அங்கே அவருக்குப் பயிற்சி அளித்தவர் சிண்டி டிம்ச்சல். இந்தப் பெயரை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டிம்ச்சல் மேரிலாண்டுக்கு வருவதற்கு முன், 1982 முதல் 1990 வரை, இதே நார்த்வெஸ்டர்னில்தான் பயிற்சியாளராக இருந்தார். அவர் சென்ற சிறிது காலத்திலேயே, 1992இல், பல்கலைக்கழகம் அந்த அணியின் முழுநிலைத் தகுதியை நீக்கி, மாணவியர் தாமே நடத்திக்கொள்ளும் மன்ற அணியாகக் குறைத்துவிட்டது. ஆக, எவன்ஸ்டனில் லக்ராஸ் அறவே இல்லாமல் இருந்தது என்று சொல்வது சரியன்று. ஒரு முறை நட்டு, பாதியில் கைவிடப்பட்ட முயற்சி அது. ஆசிரியை விட்டுச்சென்ற இடத்துக்கே மாணவி வந்து சேர்ந்தார்.

மேரிலாண்டில் அவர் பெற்ற இன்னொரு பேறு கேரி கெய்ட். ஆண்கள் லக்ராஸின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான கெய்ட், அந்த ஆண்டுகளில் டிம்ச்சலின் துணைப் பயிற்சியாளராக இருந்தார். ஆண்கள் ஆட்டத்தில் வழங்கிய எறிமுறைகளையும் ஏய்ப்புகளையும் பெண்களும் பழகலாம் என்ற துணிவு அந்த அணியில் வேரூன்றியதற்கு அவர் முக்கியக் காரணம். பெண்கள் லக்ராஸ் என்றால் நிதானமும் நளினமும்தான் என்ற பழைய எண்ணத்தை அங்கே பயின்றவர்கள் ஏற்கவில்லை. நார்த்வெஸ்டர்னின் பிற்கால ஆட்டத்தில் தெரிந்த வேகத்துக்கும் அஞ்சாமைக்கும் ஊற்று இங்கேயே இருக்கிறது என்பது என் கருத்து.

தொடக்கம்

2000ஆம் ஆண்டில் நார்த்வெஸ்டர்னின் விளையாட்டுத் துறை இயக்குநர் ரிக் டெய்லர், மீண்டும் முழுநிலை அணி அமைக்கும் பொறுப்பை அமான்டி ஹில்லரிடம் ஒப்படைத்தார். அவருக்கு அப்போது வயது 26. அமெரிக்கத் தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்தவர், துணைப் பயிற்சியாளராக மட்டுமே அனுபவம் பெற்றவர். அதே காலத்தில் அண்ணன் டோனி சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியின் தலைவராக இருந்ததால் அந்நகரம் அவருக்கு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் அணி என்று சொல்லத்தக்க எதுவும் அவர் கையில் இல்லை. முதல் ஆட்டம் 2002 வசந்தத்தில்தான்.

அவர் முன் இருந்த சிக்கலைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். கிழக்கில் ஆடிப் பழகிய மிகச் சிறந்த பள்ளி வீராங்கனைகள் மேரிலாண்ட், வர்ஜீனியா, பிரின்ஸ்டன் போன்ற பெயர்பெற்ற இடங்களைத்தான் நாடுவார்கள். வரலாறே இல்லாத அணியை நம்பி, பிப்ரவரியில் உறைந்து கிடக்கும் ஏரிக்கரைக்கு வர மாட்டார்கள். உள்ளூர்ப் பள்ளிகளிலோ தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஆட்டக்காரர்கள் இல்லை. இந்நிலையில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் கிழக்கில் இரண்டாம் மூன்றாம் நிலையில் இருப்பவர்களைத் திரட்டி, மெல்ல மெல்ல மேலேறப் பார்ப்பார்கள். அவர் அதோடு நின்றுவிடவில்லை. லக்ராஸ் தெரிந்தவரா என்று பார்ப்பதற்கு முன், ஓடக்கூடியவரா, போட்டி மனம் உள்ளவரா, சொல்லிக்கொடுத்தால் பற்றிக்கொள்பவரா என்று பார்த்தார்.

இதற்குப் பெரும்பாலோர் காட்டும் எடுத்துக்காட்டு ஆஷ்லி, கோர்ட்னி கோஸ்டர் என்ற இரட்டைச் சகோதரியர். லக்ராஸ் வழக்கில் இல்லாத இண்டியானாவிலிருந்து படிக்க வந்த இவர்கள், அதற்கு முன் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. வளாகத்தில் அவர்களைக் கண்ட அமான்டி ஹில்லர், அவர்களுடைய உடல்திறனை மட்டுமே நம்பி அணித் தேர்வுக்கு அழைத்தார். நான்கு ஆண்டுகளில் இருவரும் அகில அமெரிக்க வீராங்கனைகள் என்ற சிறப்பைப் பெற்றதோடு, 2005இல் தோல்வியே காணாத அணியின் மூத்த வீராங்கனைகளாகவும் பட்டம் வென்றார்கள். இதைத் தற்செயலான அதிர்ஷ்டமாகப் பேசுவது வழக்கம். நான் அப்படிக் கருதவில்லை. வந்தவர் எவராயினும் அடிப்படையிலிருந்து கற்பிக்கத் தன்னால் முடியும் என்ற உறுதி இல்லாத பயிற்சியாளர், வளாகத்தில் எத்தனை வலிமையான பெண்களைக் கண்டாலும் அழைத்திருக்க மாட்டார்.

அதேசமயம், ஒன்றும் தெரியாதவர்களைக் கொண்டே வென்றார் என்று கதை கட்டுவதும் உண்மைக்குப் பொருந்தாது. முதல் பருவத்தில் வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதி. அணி தலைநிமிர்ந்ததற்கு, மாசசூசெட்ஸின் வெஸ்ட்வுட்டிலிருந்து வந்த கிறிஸ்டன் கெல்மன் போன்ற, ஆட்டத்தை நன்கு கற்ற கிழக்குப் பெண்களும் காரணம். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் டெவாரட்டன் விருதைக் கெல்மன் 2006, 2007 இரண்டிலும் பெற்றார். அடுத்த இரு ஆண்டுகளிலும் அவ்விருதை வென்ற ஹன்னா நீல்சன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்தவர். கிழக்கு, மத்திய மேற்கு, கடல் கடந்த நாடு என்று எங்கிருந்தும் ஆள் சேர்ப்பது, தேர்ந்தவர்களையும் புதியவர்களையும் ஒரே பயிற்சியில் இணைப்பது என்ற இரண்டும் சேர்ந்ததே அவருடைய வழிமுறை.

பல்கலைக்கழகத்தின் பங்கையும் மறைக்க முடியாது. செல்வ வளம் மிக்க தனியார் நிறுவனம் அது. படிப்பில் அதற்குள்ள பெயரே பல மாணவியரை ஈர்க்கும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் பிரிவுச் சட்டம் இல்லாமல், பெண்கள் அணிகளுக்கு இந்த அளவு உதவித்தொகையும் நிதியும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. இந்த வசதிகள் இருந்தும் பல நிறுவனங்கள் கோப்பைக்கு அருகில்கூடச் செல்லவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உச்சம்

2005 பட்டம், நார்த்வெஸ்டர்னின் எந்த விளையாட்டு அணிக்கும் 1941க்குப் பின் கிடைத்த முதல் என்.சி.ஏ.ஏ. பட்டம். அந்தக் கோடையில் அணி வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் புஷ்ஷுடன் எடுத்த படத்தில் சில வீராங்கனைகள் ரப்பர் செருப்பு அணிந்திருந்தது நாளிதழ்களின் பெரும் பேச்சாயிற்று. தோல்வியே இல்லாமல் ஒரு பருவத்தை முடித்து, இந்த விளையாட்டின் கிழக்கெல்லையை உடைத்த பெண்களைப் பற்றி நாடு முழுவதும் பேசப்பட்டது அவர்களுடைய காலணியைத்தான் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அந்த இளம்பெண்கள் அதை நல்ல வழிக்குத் திருப்பினார்கள்: அச்செருப்புகளை ஏலம் விட்டு, மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட, தங்களோடு நட்புப் பூண்டிருந்த ஒரு சிறுமிக்காகப் பணம் திரட்டினார்கள்.

2006இல் டார்ட்மத்தை 7-4 என்றும், 2007இல் மீண்டும் வர்ஜீனியாவை 15-13 என்றும், 2008இல் பென்சில்வேனியாவை 10-6 என்றும் வென்றார்கள். 2009 பருவம் 23 ஆட்டங்களிலும் வெற்றி. இறுதிப் போட்டியில் வட கரோலினாவை 21-7 என்ற கணக்கில் நசுக்கினார்கள். இந்தக் கணக்குகளைப் பார்க்கும்போது, ஏழு கோல் போட்டும் இருபத்தொரு கோல் போட்டும் வெல்லத் தெரிந்த அணி இது என்பது புலப்படும். ஒரே பாணியில் மட்டும் வல்லவர்களாக இருந்திருந்தால் ஐந்தாண்டுத் தொடர் வெற்றி வாய்த்திருக்காது.

2010 இறுதிப் போட்டியில் அவர்களை 13-11 என்று தடுத்து நிறுத்தியது மேரிலாண்ட். அதன் பயிற்சியாளர் கேத்தி ரீஸ், டிம்ச்சலிடம் அமான்டி ஹில்லருடன் ஒரே அணியில் ஆடியவர். மறு ஆண்டு அதே இரு அணிகளும் இறுதியில் சந்தித்தபோது நார்த்வெஸ்டர்ன் 8-7 என்று வென்றது. 2012இல் சிராக்யூஸை 8-6 என்று வீழ்த்தி ஏழாவது பட்டத்தை எடுத்தது. எட்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்கள், எஞ்சிய ஓராண்டில் இறுதிப் போட்டித் தோல்வி.

இடைவெளி

அதன்பின் பதினோர் ஆண்டுகள் கோப்பை இல்லை. 2013, 2014இல் அரையிறுதி வரை வந்த அணி, 2015 முதல் 2018 வரை அந்தக் கட்டத்தைக்கூட எட்டவில்லை. பயிற்சியாளர் அவரே, வளாகமும் அதுவே. பிறகு என்ன மாறியது?

முதலாவதாக, அவர் கற்பித்ததை மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். உடல்திறனுக்கு முதலிடம் தருவது, நாடெங்கும் தேடுவது ஆகியவை 2010க்குப் பின் பொது வழக்கமாயின. அவரிடம் ஆடியவர்களே இதைப் பரப்பினார்கள். லிண்ட்சி மண்டே தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலும், ஆன் எலியட் கொலராடோவிலும் புதிதாகத் தொடங்கிய அணிகளின் முதல் பயிற்சியாளர்கள் ஆனார்கள். டேனியல் ஸ்பென்சர் ஸ்டான்ஃபோர்டுக்கும், நீல்சன் மிச்சிகனுக்கும், 2011இல் டெவாரட்டன் விருது பெற்ற ஷானன் ஸ்மித் ஹாஃப்ஸ்ட்ராவுக்கும் பொறுப்பேற்றனர். பெண்கள் லக்ராஸ் மேற்கே நகர்ந்ததில் அமான்டி ஹில்லரின் மாணவியருக்கு உள்ள பங்கு, என் மதிப்பீட்டில், அவருடைய பட்டங்களைவிடப் பெரியது. ஆனால் புதிய அணி ஒவ்வொன்றும், முன்பு எவன்ஸ்டனைத் தவிர வேறு வழியில்லாதிருந்த மாணவியரை இழுத்துக்கொள்ளும் போட்டியாளரும் ஆனது.

இரண்டாவது, ஆள் சேர்க்கும் முறை கெட்டுப்போனது. எட்டாம் ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளிடமே கல்லூரிகள் வாய்மொழி உறுதி வாங்கும் வழக்கம் லக்ராஸில் மிகுந்தது. தாமதமாக மலரும் திறனைக் கண்டுபிடிப்பதையே வலிமையாகக் கொண்ட ஒருவருக்கு, பதினான்கு வயதில் எல்லாம் முடிந்துவிடும் சந்தை பாதகமானது. பயிற்சியாளர்களே முன்னின்று கோரியதன் பேரில், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் மாணவியரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற விதியை 2017இல் என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்தது.

மூன்றாவது, ஆட்டமே மாறியது. பந்தைப் பெற்ற அணி 90 நொடிகளுக்குள் எதிரணியின் வலையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி 2017இல், என்.சி.ஏ.ஏ.வின் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவுக்கு வந்தது. 2011, 2012 இறுதிப் போட்டிகளைப் போல, முன்னிலை பெற்ற அணி பந்தைப் பொறுமையாகக் கையில் வைத்து நேரத்தைக் கழிப்பது இனி இயலாது. இதோடு 2015இல், நார்த்வெஸ்டர்னும் மேரிலாண்டும் அங்கம் வகிக்கும் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு லக்ராஸை ஏற்றுக்கொண்டதால், மேரிலாண்டை ஒவ்வோர் ஆண்டும் கூட்டமைப்புக்குள்ளேயே சந்திக்க வேண்டியதாயிற்று.

மீட்சி

2018இல் ஏரிக்கரையிலேயே ரயன் உள்ளரங்கம் திறக்கப்பட்டது. இந்தப் பருவநிலையில் ஆடும் அணிக்கு அது எத்தகைய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. 2019இல் அணி அரையிறுதிக்குத் திரும்பி, மேரிலாண்டிடம் 25-13 என்று தோற்றது. 2020 பருவம் கொரோனாவால் பாதியில் நின்றது. 2021இல் தோல்வியே காணாமல் அரையிறுதிக்கு வந்து சிராக்யூஸிடம் 21-13 என்று வீழ்ந்தது. 2022 அரையிறுதியில், பெரிய முன்னிலை பெற்றிருந்தும், கடைசிக் கட்டத்தில் வட கரோலினா கோலுக்கு மேல் கோல் போட 15-14 என்று இழந்தது. முன்பே சொன்ன டிரா விதியின் கொடுமை இது: நடுவட்டத்தில் பந்தை வெல்ல முடியாத அணிக்கு எந்த முன்னிலையும் பாதுகாப்பானதில்லை.

நான்கு ஆண்டுகளில் மூன்று அரையிறுதித் தோல்விகள். இருபதாண்டுகளுக்கு மேல் ஒரே பொறுப்பில் இருப்பவர் இந்த நிலையில் பழைய புகழோடு ஒதுங்கிவிட்டாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அணியை மாற்றி அமைத்தார். மிச்சிகன் மாநிலத்தின் கிளார்க்ஸ்டனைச் சேர்ந்த இஸ்ஸி ஸ்கேன், முழங்கால் தசைநார் கிழிந்து 2022 பருவம் முழுவதையும் இழந்தவர். 2023இல் திரும்பி வந்தார். பிற கல்லூரிகளில் பட்டம் முடித்து இடம்பெயரும் வீராங்கனைகளை முன்னைவிட எளிதில் சேர்க்கலாம் என்ற புதிய சூழலையும் அமான்டி ஹில்லர் பயன்படுத்திக்கொண்டார். மெர்சரிலிருந்து ஹெய்லி ரட்டிகன் முன்கள வீராங்கனையாக வந்தார். கோல் காப்பாளராக மாலி லாலிபர்ட்டியைச் சேர்த்தது அவருடைய பழைய கண்ணை நினைவூட்டும் முடிவு. லாலிபர்ட்டி வந்தது விளையாட்டுக்கென்று உதவித்தொகையே வழங்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரியான டஃப்ட்ஸிலிருந்து.

2023 பருவத்தின் முதல் ஆட்டத்தில் சிராக்யூஸிடம் ஒரு கோலில் தோற்ற அணி, அடுத்த 21 ஆட்டங்களையும் வென்றது. அரையிறுதியில் அதுவரை தோல்வி காணாத டென்வரை 15-7 என்றும், இறுதியில் பாஸ்டன் கல்லூரியை 18-6 என்றும் வென்று எட்டாவது பட்டத்தைப் பெற்றது. தேசிய அரையிறுதியில் மேற்கு அணியும் மத்திய மேற்கு அணியும் நேருக்கு நேர் நின்றது 2000இல் எவரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாத ஒன்று. ஸ்கேன் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் டெவாரட்டன் விருதைப் பெற்று, 376 கோல்களோடு முதல் பிரிவின் அனைத்துக் காலச் சாதனையாளராகத் தம் கல்லூரி ஆட்டத்தை முடித்தார்.

2024 இறுதிப் போட்டியில் 6-0 என்று முன்னிலை பெற்றும் பாஸ்டன் கல்லூரியிடம் 14-13 என்று இழந்தார்கள். 2025இல், மேடிசன் டெய்லர் ஒரே பருவத்தில் 109 கோல்கள் போட்டுப் புதிய சாதனை படைத்தும், தோல்வியே காணாத வட கரோலினாவிடம் இறுதியில் 12-8 என்று தோற்றார்கள். தொடர்ந்து மூன்று இறுதிப் போட்டிகள், அவற்றுள் ஒரு கோப்பை. முதல் கட்ட உச்சத்தோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் 2005இல் அவருக்கு வாய்த்த முந்துரிமை இப்போது இல்லை. இன்று அவர் எதிர்கொள்ளும் அணிகளில் பல, அவர் செய்ததைப் பார்த்து வளர்ந்தவை. எனவே இரண்டாம் கட்டத்தைக் கடினமான சாதனையாகவே நான் மதிப்பிடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் இந்த இரண்டாம் கட்டத்தில் இடம் பெறவில்லை. வேறு கல்லூரிகளில் நான்காண்டு ஆடித் தேர்ந்தவர்கள் நேராக வந்து சேரும் காலத்தில், மட்டையைத் தொட்டே இராத முதலாண்டு மாணவியை வளாகத்திலிருந்து அழைத்து, நான்கு ஆண்டுகள் பொறுத்து, அகில அமெரிக்க வீராங்கனையாக்கும் வாய்ப்பு எந்த முன்னணி அணியிலும் குறுகிவிட்டது. கோஸ்டர் சகோதரியரைப் போன்ற இருவர் இன்று எவன்ஸ்டனுக்கே படிக்க வந்தாலும், அவர்களுக்கு அணியில் இடம் கிடைப்பது அரிது.